பைப் லைனுக்கு "டிசைன் ரிப்போர்ட்" போட்டு காசு வாங்கறாங்க, உஷாரா இருங்க

பொள்ளாச்சி, உடுமலை பக்கம் தோட்டத்துக்கு லைன் இழுக்கப் போறவங்க இதை ஒருக்கா படிச்சிட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. கடை பேரு போடல, நுகர்வோர் ஆணையத்துல மனு குடுத்திருக்கோம், அது முடியட்டும்.

எங்க தேவை இவ்வளவுதாங்க. கிணத்துல இருந்து மேட்டுத் தொட்டிக்கு 600 மீட்டர் தூரம், கிணத்துத் தண்ணி மட்டத்துல இருந்து தொட்டி வாய் வரைக்கும் 25 மீட்டர் ஏத்தணும், நிமிஷத்துக்கு 300 லிட்டர் விழணும். கடைக்காரர் "நாங்க கண்ணளவுல போடற ஆளுங்க இல்லீங்க, எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு"ன்னு சொல்லி அதுக்குன்னு தனி பீஸ் வாங்கிட்டு ஒரு கலர் ரிப்போர்ட் குடுத்தாரு. 5 எச்பி மோட்டார், 63 எம்எம் பிவிசி 6 கிலோ பிரஷர் தாங்கற பைப்பு, அதாவது நாம 2 இஞ்சுன்னு சொல்றது. மண்ணு தோண்டி பொதைச்சு மூடி ஸ்விட்ச் போட்டா 200 லிட்டர் ட்ரம் நிறைய முழுசா ஒரு நிமிஷம் ஆவுது. கேட்டா "மோட்டார் பத்தலீங்க, 7.5 மாட்டிக்கலாம், ஆபர் போட்டுத் தர்றேன்"ங்கறாரு. எங்க சர்வீஸ் 5 எச்பிக்குத்தான், 7.5 மாட்டணும்னா ஈபி ஆபீஸுக்கு லோடு ஏத்த அலையணும், அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

அக்கா பையன் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறான், லீவுக்கு வந்தவன் அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டு சிரிச்சான். உராய்வு நஷ்டம்னு ஒரு வரி, தண்ணி பைப்புக்குள்ள உரசி ஓடறதுல வீணாகற பிரஷரை மீட்டர் உயரமா சொல்றது, அதுல 2.5 மீட்டர்னு போட்டிருக்கு. எப்படி வந்துச்சுன்னா ஏத்தற உயரம் 25ல பத்து பர்சென்ட், அவ்வளவுதான். பைப்பு நீளம் 600 அந்தக் கணக்குக்குள்ளயே வரல, 60 மீட்டரா இருந்தாலும் அதே 2.5தான் வந்திருக்கும். இதுக்கு பக்கத்துலயே மூடி சார்ட் படத்தை பெருசா ஒட்டி வெச்சிருக்காங்க, 1944ல லூயிஸ் மூடி போட்ட வரைபடம், உலகம் பூரா இன்னைக்கும் பைப்பு கணக்குக்கு எடுத்துப் பாக்கறது, அதுல நம்ம லைனுக்கு ஒரு புள்ளி கூட வைக்கல. சும்மா அழகுக்கு!

நெசக் கணக்கு இதுதான். பைப்போட உள்விட்டம் 58 எம்எம், 300 லிட்டர் போகணும்னா தண்ணி செகண்டுக்கு 1.9 மீட்டர் வேகத்துல ஓடணும், தண்ணி அமைதியா ஓடுதா சுழிச்சு ஓடுதான்னு சொல்ற ரெனால்ட்ஸ் நம்பர் ஒரு லட்சத்தைத் தாண்டுது. 4000க்கு மேல போனாலே தண்ணி நேர்கோட்டுல போகாம சுழிச்சு சுழிச்சுத்தான் போகும், அதுல வேகத்தை ரெட்டிப்பாக்கினா நஷ்டம் ரெட்டிப்பா இல்ல, கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறும். உராய்வு நஷ்டத்துக்குன்னே இருக்கற டார்சி வைஸ்பாக் சூத்திரத்துல போட்டா 34 மீட்டர் வருது, அதாவது தண்ணியை மேல தூக்கறதை விட பைப்புக்குள்ள தள்ளவே ஜாஸ்தி. அதே தண்ணிக்கு 90 எம்எம், நம்ம 3 இஞ்சு பைப்புன்னா அஞ்சரை மீட்டர்தான், ஏன்னா இந்தக் கணக்குல விட்டத்தோட அஞ்சாவது அடுக்கு கீழ உக்காந்திருக்கு, பைப்பு 1.43 மடங்கு பெருசானாலே நஷ்டம் கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்காயிடும். "பிவிசி வழுவழுன்னு இருக்கு, அதுல என்னங்க உராய்வு"ன்னு கடையில சொன்னதும் ஏமாத்துதான், வழுவழு பைப்புக்கும் சேத்துதான் இந்த 34.

பேப்பர்ல சொன்னா நம்ப மாட்டாங்கன்னு மோட்டார் பக்கம் நான்ரிட்டர்ன் வால்வுக்கு அந்தாண்ட ஒரு பிரஷர் கேஜ் மாட்டினோம். 1 கிலோன்னா சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணி. நிறுத்தி வெச்சா 1.5 கிலோ காட்டுது, தொட்டி தரையில இருந்து 15 மீட்டர் உயரத்துல இருக்கு, சரியா வருது. ஓட விட்டா 3.1. நடுவுல இருக்கிற 1.6 கிலோ, அதாவது 16 மீட்டர், பூராவும் உராய்வு, அதுவும் 200 லிட்டர் ஓடும்போதே. யாரும் பண்ணலாம் இதை, கேஜ் ஒண்ணு போதும்.

கேஜ் போட்டோ அனுப்பினதும் கடை இன்ஜினியர்னு ஒருத்தர் புதுசா ஒரு ஷீட் அனுப்பினாரு, அதுல உராய்வு 8.5 மீட்டர், பைப்புல தப்பே இல்லையாம். பையன் அதையும் பிரிச்சுட்டான். அந்த சூத்திரத்துல போடற உராய்வு எண்ணுக்கு ரெண்டு வகை புழக்கத்துல இருக்காம், டார்சி எண், ஃபேனிங் எண், முன்னது பின்னதோட நாலு மடங்கு. கெமிக்கல் புஸ்தகங்கள்ல நிறைய ஃபேனிங்தான் இருக்கும், சிவில் ஆளுங்க டார்சி போடுவாங்க. இந்த லைனுக்கு டார்சி 0.018, ஃபேனிங் 0.0045. இவரு 0.0045ஐ எடுத்து டார்சி சூத்திரத்துல போட்டிருக்காரு, 34 நாலா வகுத்து 8.5 ஆயிடுச்சு! தெரியாம பண்ணினாரா தெரிஞ்சே பண்ணினாரான்னு எனக்கு அக்கறை இல்ல. 300 லிட்டருக்கே நஷ்டம் 8.5னா 5 எச்பியே தள்ளணுமே, அப்புறம் எதுக்குங்க எங்களுக்கு 7.5ன்னு கேட்டேன். அன்னையிலிருந்து போன் எடுக்கறது இல்ல.

7.5 மாட்டியிருந்தாலும் கதை வேறங்க, 300 லிட்டரை அந்த லைன்ல திணிக்க ஆரம்பத்துல கிட்டத்தட்ட 5 கிலோ பிரஷர் நிக்கும், 6 கிலோ பைப்புல அப்படி ஓட்டிட்டு திடீர்னு கரண்ட் போனா தண்ணி திரும்பி அடிக்கிற அடியில எந்த ஜாயின்ட் பிதுங்கும்னு சொல்ல முடியாது. விவசாய கரண்ட் இலவசம்கறதால இந்த வேஸ்ட்டு நம்ம கண்ணுக்கும் படறதில்ல, அதான் இவங்களுக்கு வசதி.

பொதைச்ச பைப்பை எடுக்க மனசு வரல, பக்கத்துலயே இன்னொரு 2 இஞ்சு லைன் போட்டு ரெண்டு முனையிலயும் சேத்தோம். தண்ணி பாதி பாதியா பிரிஞ்சு போறதால அதே 5 எச்பியில 270க்கு மேல விழுது. முதல்லயே 3 இஞ்சு போட்டிருந்தா இந்த ரெண்டாவது தோண்டற கூலி மிச்சம்.

உங்களுக்கும் இந்த மாதிரி கலர் ரிப்போர்ட் குடுத்திருந்தா உராய்வு வரியில பைப்பு நீளமும் உள்விட்டமும் இருக்கான்னு பாருங்க. புரியலைன்னா போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல போடுங்க, பையன் லீவு முடிஞ்சு போறதுக்குள்ள போட்டுப் பாத்து சொல்லச் சொல்றேன்.