பணிக்கொடைப் பணம்: நஞ்சையில் போடுவதா, அஞ்சலகத்தில் போடுவதா?

மயிலாடுதுறைப் பக்கம் யாராவது ரிட்டயர் ஆகப்போகிறார் என்றால் அந்த வீட்டில் ஒரு பேச்சு வந்தே தீரும். "பணம் கைக்கு வந்ததும் மூணு மா வாங்கிப் போட்டுடுவோமா?" மூணு மா என்றால் ஓர் ஏக்கர். அஞ்சலகக் கவுண்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் எங்கள் அத்தான் எனக்கு முன்பே ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, அந்தப் பாதையில் போய்விட்டார். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலில் கம்யூட்டேஷன். நிலமா, டெபாசிட்டா என்கிற கேள்வியே இதிலிருந்துதான் கிளம்புகிறது. மத்திய அரசு ஊழியர் அடிப்படை ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கலாம். மாநில அரசில் மூன்றில் ஒரு பங்கு வரை. மத்திய அரசுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 30,000 ரூபாய் ஓய்வூதியம் என்றால் 12,000 விட்டுக்கொடுக்கலாம். வருஷத்துக்கு அது 1,44,000. 60 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு அதைப் பெருக்கும் எண் 8.194. ஆக, கைக்கு வருவது 11,79,936 ரூபாய். இதற்காக ஓய்வூதியத்தில் மாதம் 12,000 வீதம் 15 வருஷம் பிடிப்பார்கள், மொத்தம் 21,60,000. நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில், இது ஏறக்குறைய 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிய மாதிரி. அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் 8.2 சதவீதத்தில் போட்டால் கொஞ்சம் நஷ்டம்தான்.

ஆனால் இது வெறும் கடன் இல்லை. அரசு ஊழியருக்கு இந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது. அகவிலைப்படியை முழு 30,000-க்கும் போடுவார்கள், குறைந்த 18,000-க்கு இல்லை. இடையில் ஓய்வூதியர் இறந்துபோனால் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தில் இதற்காக ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். அதனால் வீட்டுக்கடன் பாக்கி, பெண் கல்யாணம், உடம்பில் ஏதாவது பெரிய தொந்தரவு இருந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நிலம் வாங்கத்தான் என்றால் வேண்டாம். 40 என்பது உச்சவரம்புதான், 20 என்றும் எழுதிக் கொடுக்கலாம். இதை ரொம்பப் பேர் கேட்டுக்கொள்வதே இல்லை.

அத்தான் முழு 40-ஐயும் வாங்கினார். பணிக்கொடையில் ஒரு பகுதியையும் சேர்த்துக் குத்தாலம் பக்கம் மூணு மா நஞ்சை. "மாப்ளே, வட்டி வாங்கறவன யாரு மதிப்பா? வரப்புல நின்னாத்தான் மரியாதை" என்றார். தப்பில்லை, அந்த மரியாதை உண்மைதான். நிலத்தின் விலையும் ஏறியிருக்கிறது. ஆனால் வருமானம்? அவரால் வயலில் இறங்க முடியாது, குத்தகைக்கு விட்டார். போகத்துக்கு ஆறு மூட்டை பேச்சு. 60 கிலோ மூட்டை, குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு போகத்துக்கு 9,000. குறுவை, சம்பா இரண்டும் விளைந்தால் 18,000. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. அந்த வருஷங்களில் குறுவையே கேள்விக்குறி. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால், டி.பி.சி. என்கிற அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்குமா என்று குத்தகைக்காரர் காத்துக் கிடப்பார். அவரிடம் போய் ஆறு மூட்டையைக் கேட்க அத்தானுக்கு வாய் வராது. எனக்கும் வராது. குத்தகையை மாற்றலாம் என்றாலும் 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது உழுகிறவருக்கு நியாயமான சட்டம். ஆனால் அறுபது வயதுக்கு மேல் மருந்துச் செலவுக்கு வருமானம் தேடுகிறவர் அதையும் யோசிக்க வேண்டும்.

தென்னந்தோப்பு மேல் என்பார்கள். பேராவூரணியில் தோப்பு வாங்கிய என் சக ஊழியர் ஒருவர் 2018 நவம்பர் 16 காலையில் போய்ப் பார்த்தபோது, கஜா புயலில் பாதி மரம் படுத்துக் கிடந்தது. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அறுபத்திரண்டு வயதில் ஐந்தாறு வருஷம்!

சரி, அஞ்சலகம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004-இல் வந்தபோது வட்டி 9 சதவீதம். 2023 ஏப்ரலில் 8.2 ஆனது. உச்சவரம்பும் அப்போதுதான் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. போடும் நாளில் எந்த வட்டியோ, அதுவே ஐந்து வருஷத்துக்கும். 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அத்தானின் 11.8 லட்சத்துக்கே வருஷம் 96,000-க்கு மேல் வந்திருக்கும். மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதம், தனிக் கணக்கில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை. மாதாமாதம் வருகிறதே என்று பலர் அதற்குத்தான் வருவார்கள். ஓய்வூதியம் ஏற்கெனவே மாதாமாதம் வருகிறவருக்கு அது எதற்கு? ஜூலை 1 வட்டி பேரப்பிள்ளை பள்ளிச் செலவுக்கு, அக்டோபர் 1 தீபாவளிக்கு, ஜனவரி 1 பொங்கலுக்கு என்று மூன்று மாத வட்டி நம் செலவோடு சேர்ந்து வரும். ஓய்வூதியம் இல்லாமல் மொத்தப் பணம் மட்டும் வாங்கியவருக்கு மாத வருமானத் திட்டம் பொருந்தும்.

குறையும் உண்டு. அந்த 8.2 ஐந்து வருஷமும் அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது. வட்டிக்கு வரி உண்டு. ஒரு வருஷத்துக்குள் முடித்தால் வட்டியே கிடையாது, இரண்டாம் வருஷத்தில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள், அதற்குப் பிறகு ஒரு சதவீதம். அதனால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போடாமல் மூன்று நான்காகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். மனைவிக்கும் 60 ஆகியிருந்தால் அவர் பெயரில் தனியாக 30 லட்சம் வரை போடலாம். வங்கி டெபாசிட்டும் சரிதான், ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்குக் காப்பீடு 5 லட்சம் வரைதான். நூற்றுக்கு இரண்டு வட்டி தருகிறேன் என்று வருகிற ஃபைனான்ஸ்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படிப் போட்டுவிட்டு என் கவுண்டர் முன்னால் வந்து அழுத பெரியவர்களை நான் மறக்கவில்லை.

அத்தான் போன வருஷம் ஒரு மாவை விற்று என்னோடு அஞ்சலகத்துக்கு வந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவையும் இரண்டாவது பெயராகச் சேர்த்தார். அக்கா பாஸ்புக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓய்வூதியக் கணக்கில் இன்னும் அத்தான் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதையும் கூட்டுக் கணக்காக மாற்ற அடுத்த வாரம் இருவரையும் வங்கிக்குக் கூட்டிப் போகிறேன்.