சாக்கிலிருந்து கிரேட்டுக்கு: எலுமிச்சை வியாபாரத்தில் பட்டதும் கற்றதும்

புளியங்குடியில் எலுமிச்சை வாங்கிக் கேரளாவுக்கு ஏற்றிவிடும் குடும்பம் எங்களுடையது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எங்கள் லோடு பாதி வழியில் நின்றுவிட்டது. நான்கு நாள் கழித்து மூட்டையைப் பிரித்தால் பச்சைப் பொடியாகப் பூஞ்சணம் பறக்கிறது. அதுவரை நஷ்டம் என்றாலே விலை இறக்கம்தான் என்று நினைத்திருந்தோம். அதற்கப்புறம் மாற்றிப் பார்த்தவற்றில் எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்கிறேன்.

முதலில் பிளாஸ்டிக் கிரேட், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி. மூட்டைகளை அடுக்கினால் மொத்தப் பாரமும் அடிமூட்டைப் பழத்தின் மேல்தான் இறங்கும். கிரேட்டில் விளிம்பு தாங்கிக்கொள்ளும். நசுங்கல் நன்றாகவே குறைந்தது. ஆனால் போன கிரேட் திரும்பி வர வேண்டுமே! முதல் வருஷம் வாங்கிய இருநூறில் தொண்ணூறுதான் மிஞ்சியது. அதில் ஒன்றை ஒரு மீன் கடையில் என் கண்ணாலேயே பார்த்தேன். இப்போது கிரேட்டுக்கு முன்பணம் பிடிக்கிறோம். புது ஆளாக இருந்தால் இன்றும் சாக்குதான்.

கிரேட்டுக்கு மாறியும் தோலில் பழுப்புத் திட்டு விழுவது நிற்கவில்லை. இரண்டு வருஷம் டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். விவசாயக் கல்லூரியில் படித்த மைத்துனன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, “அத்தான், இது லாரியில வந்ததில்ல, பறிக்கும்போதே வந்தது” என்றான். பனி காயாத காலையில் தோல் நீரேறி விறைப்பாக இருக்கும். விரல் கொஞ்சம் அழுந்தினாலும் தோலிலுள்ள எண்ணெய்ப் பை உடைந்து, அந்த எண்ணெயே தோலைப் பொசுக்கிவிடும். பறித்த அன்று ஒன்றும் தெரியாது, சந்தைக்குப் போய்த்தான் தெரியும்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பழம் தரும் தோட்டங்களில் ஒன்பது மணிக்கு மேல்தான் பறிப்பு. வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது என்று பறிக்கிற அக்காமாருக்கு வருத்தம், நியாயம்தான். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தோம். பழத்தைப் பிய்க்காமல் காம்பை ஒட்ட வெட்டவும் சொன்னோம். பிய்த்த இடத்துக் காயம் போதும், பூஞ்சணம் உள்ளே போய்விடும். காம்பை நீளமாக விட்டாலோ பக்கத்துப் பழத்தைக் குத்தும். பத்துக் கத்திரிக்கோல் வாங்கிய செலவுதான். நான் செய்ததிலேயே அதிகம் மிச்சம் பிடித்தது இதுதான்.

பழத்தைக் குளிர்ச்சியாக வைக்க, மின்சாரம் இல்லாத செங்கல் தொட்டியும் மூன்று கட்டினோம். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த முறை. இரண்டு செங்கல் சுவர், நடுவே 7.5 செ.மீ. இடைவெளியில் மணல், தினம் இருவேளை தண்ணீர். ஒரு தொட்டியில் நூறு கிலோ வரை வைக்கலாம். சித்திரை வெயிலில் அருமை, பழம் சுருங்காமல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சுத்த வேஸ்ட். தண்ணீர் ஆவியானால்தானே குளிரும்? காற்றே ஈரமாக இருந்தால் என்ன செய்வது? கொடுமை என்னவென்றால், விலை விழுந்து, பழத்தைப் பிடித்து வைக்கலாமே என்று தோன்றுவதும் அந்த மாதங்களில்தான்.

சரி, குளிர்பதனக் கிடங்கில் வைப்போம் என்று ஒரு முறை அறுபது கிரேட்டை இறக்கினேன். வேறு சரக்குக்காக அங்கே 4 டிகிரி வைத்திருந்தார்கள். நம் எலுமிச்சைக்கு 8 டிகிரிக்குக் கீழே ஆகாது. வெளியே எடுத்தபோது தோலெல்லாம் குழி. டிகிரி கேட்காமல் வைத்தது என் தப்பு.

2022 ஏப்ரலில் விலை எகிறியபோது, “இருப்பு வச்சிருந்தா அள்ளியிருக்கலாமே” என்று கேட்காத ஆள் இல்லை. இது என்ன புளியா, பானையில் போட்டு வைக்க?

இப்போது லோடு முழுவதையும் ஒரே ஊருக்கு அனுப்புவதில்லை. பாதி கேரளா, மீதி மதுரை. சொறி விழுந்த பழம் ஊறுகாய்க்காரருக்கு. விலை குறைவுதான், ஆனால் பணம் கைமேல்.

அடுத்த மாதம் இன்னும் நூறு கிரேட் வாங்குகிறேன், ஊதா நிறத்தில். எந்த மீன் கடையில் கிடந்தாலும் அடையாளம் தெரியுமே.