பேசும் வாளோடு நான்கு வருடம்: ஐரிஷ் புராண உலகில் எங்கள் கேம்பெய்ன்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இரவு ஏழு மணிக்கு, டப்ளினில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு பேர் கூடுவோம். ஆடுவது ரோல்பிளே ஆட்டம்: ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பேசியே கதையை நகர்த்துவோம், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். நான் கேம் மாஸ்டர், உலகத்தையும் அதில் வரும் மற்றவர்களையும் நடத்துவது என் வேலை, மற்ற ஐந்து பேரும் ஆட்டக்காரர்கள். இருபது முகப் பகடை, பென்சில், கேரக்டர் ஷீட், ஒரு தட்டு மிக்சர். ஒரே கேம்பெய்ன், அதாவது ஒரே தொடர்கதை, நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த உலகத்தில் ஆடுகிறீர்கள், அது எப்படி உழைக்கிறது என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உலகம் பழைய ஐரிஷ் கதைகளிலிருந்து எடுத்தது. தெய்வக் குலமான துவாஹா டே டானன், அவர்களிடம் கப்பம் கறக்கும் ஃபோமோரியர், புல்மேடுகளுக்கு அடியில் அரண்மனை கட்டி வாழும் ஷீ மக்கள், இவர்களுக்கு நடுவே மாடு திருடிச் சண்டை போடும் மனித அரசர்கள். கதை இவர்களுடையது, பகடை விதிகள் மட்டும் கடையில் வாங்கிய ஒரு விதிப்புத்தகத்திலிருந்து.

முதல் வருடம் சொதப்பினேன். மாய ஆயுதம் என்றால் பகடையில் வரும் எண்ணோடு ஒன்றோ இரண்டோ கூட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் அந்தப் புத்தகம் சொல்கிறது. நானும் அப்படியே கொடுத்தேன். கடல் தெய்வம் மனனானின் வாள் ஃப்ராகராஹ். அதன் பெயருக்கு ‘பதில் சொல்வது’ என்று பொருள். அவ்வளவு பெரிய வாளை வாங்கிக்கொண்ட பையன் மூன்றாவது செஷனிலேயே “என் பிளஸ் டூவை எடுத்து வெட்டுறேன்” என்றான். ஆறு தமிழர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் பிளஸ் டூ என்றால் என்ன ஆகும்? அரை மணி நேரம் யார் எவ்வளவு மார்க் என்று பேச்சு ஓடியது. வாளை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நிலைமையை மாற்றியது ஓர்னா. மாய் டுரேயில் நடந்த இரண்டாம் போரின் கதையில் வரும் வாள் அது. ஃபோமோரியர்களின் அரசன் டெத்ராவுடையது. அந்தப் போரில் துவாஹா டே டானன் வீரன் ஓக்மா அதைக் கண்டெடுத்து, உறையிலிருந்து உருவித் துடைக்கிறான். உடனே வாள் தன்னைக் கொண்டு செய்யப்பட்ட எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குகிறது. உருவப்பட்டதும் தான் செய்ததைச் சொல்வது அந்தக் காலத்து வாள்களின் வழக்கமாம். அதனால்தான் உருவிய வாளுக்குத் துடைப்பு பெறும் உரிமை உண்டு என்கிறது கதை. மனிதர்கள் அப்போது ஆயுதங்களை வழிபட்டார்கள், ஆகவே அவற்றுக்குள்ளிருந்து பேய்கள் பேசின என்று ஒரு விளக்கமும் தருகிறது. இதை மேசையில் வாசித்தபோது ஒரு அக்கா, “அப்ப ஆயுத பூஜைக்கு எங்க அப்பாவோட ஸ்பேனர் செட் என்னென்ன சொல்லியிருக்கும்!” என்றார்.

அன்றோடு கூட்டல் எண்ணை எல்லாம் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு மாய ஆயுதத்துக்கும் ஒரு அட்டை. அதில் மூன்றே வரி: அதற்கு என்ன தெரியும், அது என்ன கேட்கும், அதை எப்போது உருவக்கூடாது. இன்னொரு விதியும் சேர்த்தேன். ஆயுதத்தின் குரலாகப் பேசுவது அதை வைத்திருப்பவர் அல்ல, அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர். நான்கு வருடத்தில் நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது இந்த ஒன்றுதான்.

ஓர்னா வந்து சேர்ந்தது எங்கள் கூட்டத்திலேயே அதிகம் பொய் சொல்பவனிடம். அவன் இடப்பக்கம் உட்காருபவர் இரவுப் பணி நர்ஸாக இருக்கும் அந்த அக்கா. ஒரு குறுநில அரசனின் விருந்து. அவனுடைய மாடுகளைத் திருடியது யாரென்று விசாரணை நடக்கிறது. திருடியது நாங்கள்தான். நம் ஆள் எழுந்து, “என் வாள்மேல் ஆணை, எனக்கு ஒன்றும் தெரியாது” என்று நாடக பாணியில் சொல்லி, ஜோராக வாளை உருவிவிட்டான். மேசையில் ஒரு நொடி அமைதி. அக்கா மிக்சரை மென்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, வார்டில் பேசும் அதே குரலில் சொன்னார்: “போன சவின் ராத்திரி. ஆற்றோரம். மாட்டுக்காரப் பையனுக்கு இடது விலா. அதுக்கப்புறம் இவர் என்னைத் துடைக்கவே இல்லை.” (சவின் என்பது அக்டோபர் கடைசி இரவில் தொடங்கும் பழைய ஐரிஷ் பண்டிகை.)

அவன் “அக்கா, ப்ளீஸ்க்கா” என்று கெஞ்சியது பாத்திரத்துக்குள்ளா வெளியிலா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தின் பின்விளைவு எட்டு செஷன் ஓடியது. எந்தக் கூட்டல் எண்ணும் இதைச் செய்யாது.

எல்லா ஆயுதமும் இப்படி அமைந்துவிடவில்லை. பழங்கதை வீரன் கெல்ட்ஹாரின் ஈட்டி, பெயர் ‘லூயின்’, காகிதத்தில் பிரமாதம். போர் நெருங்கினால் தானாகக் கனன்று எரியும், அதைத் தணிக்க இரத்தம் நிறைந்த கொப்பரைக்குள் தோய்த்தே வைத்திருக்க வேண்டும். ஆட்டத்தில் என்ன ஆனதென்றால், ஒருவன் போகிற இடமெல்லாம் வாளி தூக்கிக்கொண்டு அலைந்தான். படகில் ஏறினால் வாளி எங்கே, குதிரையில் ஏறினால் வாளி எங்கே, சிந்தினால் யார் பொறுப்பு. ஆறு மாதத்தில் எல்லோருக்கும் அலுத்துப்போய் ஒரு ஏரியில் எறிந்துவிட்டார்கள். ஏரி கொதித்தது, அது வேறு கதை.

துவாஹா டே டானன்களின் பெரிய தெய்வமான டாக்டாவின் கொப்பரையும் அப்படித்தான். எந்தக் கூட்டமும் அதிலிருந்து பசியோடு எழுந்து போனதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குளிர்கால மலைப் பயணத்தில் சோற்றுக்கு என்ன செய்வது என்ற ஒரே பதற்றத்தையும் அது தின்றுவிட்டது. அதை அவர்கள் வாங்கிய விதம் எனக்கே நான் வெட்டிய குழி. நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. இளைய தெய்வம் ஏங்கஸ் அதை ஒரு பகலும் ஓர் இரவும் இரவல் கேட்கிறான். தவணை முடிந்ததும், பகலும் இரவும்தானே மொத்தக் காலமும் என்று சொல்லித் திருப்பித் தர மறுத்துவிடுகிறான். இதை நானே அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். அடுத்த செஷனிலேயே கொப்பரையை “ஒரு பகலும் ஓர் இரவும் மட்டும்” கேட்டார்கள். என்ன செய்வது, தலையாட்டினேன்.

இனி மாய உயிர்கள். வீடியோ கேமிலிருந்து வருபவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். இந்த உலகத்தில் பெரும்பாலானவை கொல்வதற்கு இல்லை, அக்கம்பக்கத்தார் மாதிரி. பான்ஷீயைக் கத்திக் கொல்லும் பேயாகவே பலருக்குத் தெரியும். ஐரிஷ் நாட்டார் வழக்கில் அவள் யாரையும் கொல்வதில்லை. சில பழங்குடும்பங்களில் சாவு வரப்போகிறது என்றால் முன்கூட்டியே ஒப்பாரி வைப்பவள், அவ்வளவுதான். முதல் தடவை அவள் அழுதபோது ஐந்து பேரும் பகடையைக் கையில் எடுத்தார்கள். வாசலில் நின்று அழுதுவிட்டுப் போய்விட்டாள். “யாருக்கு?” என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான். அந்த ஒரு கேள்வியில் இருந்த பயம் பத்து அரக்கர்களை இறக்கினாலும் வராது.

உருவம் மாறும் குறும்புப் பேயான பூகாவும் நன்றாக உழைத்தது. பெரும்பாலும் கறுப்புக் குதிரையாக வரும், முதுகில் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் அலைக்கழித்துவிட்டு எங்காவது சேற்றில் தள்ளும். அறுவடையில் கொஞ்சத்தை அதன் பங்காக வயலிலேயே விட்டுவைக்கும் வழக்கமும் இருந்தது. எங்கள் ஆட்டத்தில் பங்கு வைக்க மறந்த ஒரு கிராமத்தை மையமாக வைத்து ஒரு கோடைகாலம் முழுக்க ஓட்டினேன்.

குறையும் சொல்ல வேண்டும். இரும்பைக் கண்டால் ஷீ மக்களுக்கு ஆகாது என்ற நம்பிக்கையை விதியாக எழுதிவிட்டால் ஆட்டம் செத்தது. எல்லோரும் சட்டைப்பையில் ஆணி போட்டுக்கொள்வார்கள். எங்கள் தீர்வு: இரும்பு துரத்தும், ஆனால் அவமானப்படுத்தியதாகவும் கணக்கில் ஏறும். ஷீயிடம் கணக்கு ஏறினால் கறவை மாட்டில் தொடங்கிக் குழந்தை வரை போகும். அதற்குப் பிறகு ஆணிகள் தாமாகவே குறைந்தன.

ஃபோமோரியர் தலைவன் பாலோரைக் கடைசி எதிரியாகத் திட்டமிட்டிருந்தேன், அது ஏமாற்றம். போர்க்களத்தில் மட்டும் திறக்கும் நச்சுக் கண், இமையைத் தூக்க நான்கு ஆட்கள் வேண்டும். ஆட்டக்காரர்கள் கண்ணைப் பார்க்கவே இல்லை, இமை தூக்கும் நான்கு பேரைத் தேடிப்பிடித்துச் சம்பள பாக்கி இருக்கிறதா என்று விசாரித்தார்கள். நான் இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். கண் திறக்கவே இல்லை. மூலக்கதையில் துவாஹா டே டானன் வீரன் லூ கவண்கல்லால் அந்தக் கண்ணைத் தலையின் பின்பக்கமாகத் தள்ளி, அது பாலோரின் சொந்தப் படையையே பார்க்கும்படி செய்கிறான். எங்கள் கதையில் வேலைநிறுத்தத்தில் முடிந்தது.

உச்சரிப்பு இன்னொரு தொல்லை. சம்ஹைன் என்று வாசிக்கத் தோன்றுவதை சவின் என்று சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் பழகிவிடும், சிலருக்கு மூன்று வருடம்.

நாங்கள் இங்கேயே வசிப்பது ஒரு வசதி. இரண்டாம் வருடம் ராஸ்காமன் கவுண்டியில் ராக்ரோஹன் என்ற பழைய இடத்துக்குப் போய், போர்த் தெய்வம் மோரிகனின் வீடு என்று சொல்லப்படும் பூனைக் குகைக்குள் வழிகாட்டியோடு இறங்கினோம். வாசல் முள்செடிக்கு அடியில் ஒரு முயல் வளை போல இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் ஒரு கல், அதில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தின் கீறல்கள். அப்புறம் வழுக்கும் சேற்றில் உட்கார்ந்த வாக்கில் சறுக்க வேண்டும், பிறகு திடீரென்று நிமிர்ந்து நிற்குமளவு உயரம். வழிகாட்டி டார்ச்சை அணைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் மேசையில் யாரும் “குகைக்குள்ள போறோம்” என்று லேசாகச் சொல்வதில்லை. கிளேர் கவுண்டியில் லட்டூன் என்ற இடத்தில், 1999இல் எடி லெனிஹன் என்ற கதைசொல்லி குரல் கொடுத்ததால் புதிய சாலைத் திட்டம் ஷீ மக்களுக்குச் சொந்தம் என்று நம்பப்படும் ஒரு முட்செடியை வெட்டாமல் விட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் காரில் பேச்சு கொஞ்சம் அடங்கும்.

கடைசியாக காய் போல்க். இதை மட்டும் மிகச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்வேன். வீராங்கனை ஸ்காஹா, ஐரிஷ் கதைகளின் பெரிய வீரன் கூ ஹுலினுக்குக் கற்றுக்கொடுத்த ஈட்டி. காலால் எறிவது. உடலுக்குள் ஒற்றை முனையாக நுழைந்து முள்முள்ளாக விரியும், சதையை அறுக்காமல் வெளியே எடுக்க முடியாது. இவ்வளவு கொடிய ஆயுதத்தால் அவன் கொன்றவர்களில் கூடவே பயிற்சி பெற்ற உயிர் நண்பன் ஃபெர்டியாவும் உண்டு, அவன் பெற்ற மகனும் உண்டு. ஃபெர்டியா விழுந்தது ஓர் ஆற்றுத் துறையில். லவுத் கவுண்டியில் உள்ள ஆர்டீ ஊரின் ஐரிஷ் பெயரில் இன்றும் அவன் துறை இருக்கிறது.

எங்கள் அட்டையில் அதற்கு டேமேஜ் எண்ணே எழுதவில்லை. “யார்மேல் எறிந்தாலும் சாவு. எறிந்தவனுக்கு நெருக்கமானவர் மேல்தான் எறிய வாய்க்கும்” என்று மட்டும் இருக்கிறது. முன்பு பிளஸ் டூ என்று சொன்ன அதே பையனிடம் அது இரண்டு வருடமாக இருக்கிறது. ஒருமுறைகூட எறியவில்லை. ஒவ்வொரு செஷன் முடிவிலும் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப டப்பாவுக்குள் வைக்கிறான்.

வரும் சனிக்கிழமை செஷன் ஓர் ஆற்றுத் துறையில். எதிர்க்கரையில் யார் நிற்கப்போகிறார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவனும் இதைப் படிப்பான், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.