மந்தியை ஏற்ற நாய்க்கூடு சரிவருமா?

கொழும்புப் புறக்கோட்டையில் விற்கும் நடுத்தர அளவு பிளாஸ்டிக் நாய்க்கூட்டில், மின்கம்பியில் அடிபட்ட ஊதாமுக மந்தியை வனஜீவராசிகள் திணைக்கள வைத்தியரிடம் கொண்டுபோகலாம். ஆனால் வாங்கின கையோடு அல்ல.

மேல், கீழ்ப் பாதிகளைப் பூட்டும் கிளிப்தான் முதல் கோளாறு. உள்ளிருந்து உதைத்தால் கழன்றுவிடும். அதை எறிந்துவிட்டு 6 மில்லிமீட்டர் இரும்பு போல்ட், வொஷர் போடுங்கள். கதவுக் கொக்கியை மந்தி கம்பி இடைவெளியால் கைவிட்டுத் தள்ளும். அதைக் கட்ட இரண்டு கேபிள் டை காணும்.

தளம் கண்ணாடிபோல் வழுக்கும். பத்திரிகைத்தாள் உதவாது, சணல் சாக்கை இரண்டாக மடித்து விரியுங்கள். இன்னொரு சாக்கால் கூட்டை மூடுங்கள், காற்றுத்துவாரம் தவிர. இருட்டில்தான் அடங்கும். சாத்துமுன் வாலைப் பாருங்கள்: உடம்பைவிட நீளம், கதவிடுக்கில் நசுங்குவது அதுதான்.

வாழைப்பழம், பாண் வேண்டாம். இந்த மந்தி இலைதின்னி; அதன் இரைப்பையில் அவை புளித்து வயிறு ஊதும். பயணத்தில் துள்ளினாலும், தேறிவிட்டதென்று திறந்துவிடாதீர்கள். மின்காயத்தின் ஆழம் சில நாள் கழித்தே தெரியவரும்.

தேவாங்குக்கு இந்தக் கூடு வீண். அந்தக் காசுக்கு மூடியுள்ள சிறு கூடையே மேல்.