1/48 ஸ்பிட்ஃபயர் கேமஃபிளாஜுக்கு இவாட்டா எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ்

இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் மாடலில், கேமஃபிளாஜின் இரண்டு நிறம் சேரும் விளிம்புதான் ஏர்பிரஷுக்கு (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் பேனா போன்ற கருவி) சரியான பரீட்சை. நிஜ விமானத்தில் அந்த மங்கல் ஓர் அங்குலம் இருந்தாலும் 1/48 அளவு மாடலில் அரை மில்லிமீட்டர்தான். இவாட்டா எக்லிப்ஸ் ஏர்பிரஷால் இதை மாஸ்கிங் (டேப் ஒட்டி மறைப்பது) இல்லாமலே அடிக்க முடியும், பெயின்ட்டைச் சரியாகக் கரைத்திருந்தால்.

நாசில் (பெயின்ட் வெளிவரும் முனை) 0.35 மி.மீ. மரை கிடையாது, செருகி வைப்பதுதான். கழுவும்போது ஸ்பேனர் போட்டு முறுக்கி உடைத்துவிடுவோமோ என்ற பயமே வேண்டாம். இதற்காகவே முதல் ஏர்பிரஷாக இதை வாங்கலாம்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 1941 ஆகஸ்டுக்குப் பிந்தைய வண்ணத் திட்டம் என்றால் மேல்பக்கம் முழுக்க டமியா எக்ஸ்எஃப்-82 ஓஷன் கிரே: பாதிக்குப் பாதி தின்னர், காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ. அதன்மேல் எக்ஸ்எஃப்-81 டார்க் கிரீன்: ஒரு பங்கு பெயின்ட்டுக்கு இரண்டு பங்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர், 10 முதல் 12 பிஎஸ்ஐ. இந்தத் தின்னரில் ரிடார்டர் (காய்வதைத் தாமதிக்கும் பொருள்) இருப்பதால் ஊசி முனையில் பெயின்ட் சட்டென்று காயாது. முனையை ஒன்றரை செ.மீ. தூரத்தில் பிடித்து, பச்சை வரவேண்டிய பக்கமாகச் சற்றே சாய்த்து, முதலில் விளிம்பை மட்டும் கோடாக இழுங்கள். சிதறும் துகள் பச்சைக்குள்ளேயே விழும், சாம்பல் அழுக்காகாது. உள்பகுதியை அப்புறம் நிரப்பலாம். கோடு முடியும்போது முதலில் பெயின்ட்டை நிறுத்துங்கள், காற்று ஓடிக்கொண்டே இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக விட்டால் முனையில் தேங்கிய துளி அடுத்த கோட்டின் தொடக்கத்தில் துப்பும்.

பெயின்ட் சிலந்திக்கால் போல ஓடினால் ட்ரிகரை அதிகம் இழுக்கிறீர்கள், அல்லது அந்த நெருக்கத்துக்கு அழுத்தம் கூடுதல். சொரசொரப்பாக விழுந்தால் தூரம் அதிகம்; பெயின்ட் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. கோடு திடீரென்று மெலிந்தால் ஊசி முனையைத் தின்னரில் நனைத்த பிரஷால் துடையுங்கள்.

குறையும் உண்டு. முனையருகே காற்றைக் குறைக்கும் வால்வு இதில் இல்லை. அதனால் கம்ப்ரசரில் அழுத்தத்தை மாற்றும் ரெகுலேட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 1/72 அளவில் ஜெர்மன் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-ன் பக்கவாட்டுப் புள்ளிகளுக்கு இது கொஞ்சம் தடிமன்தான், அதற்கு 0.2 மி.மீ. ஏர்பிரஷ் நல்லது.

வாங்கும்போதே உபரி ஊசி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். நுனி இம்மியளவு வளைந்தாலும் ஸ்ப்ரே ஒரு பக்கமாக ஒதுங்கும், மெல்லிய கோடு வரவே வராது.