மதுரை–போடி ரயில்: பயணமும் பாதையின் வரலாறும்

மதுரையிலிருந்து காலையில் புறப்பட்டுப் போடிநாயக்கனூர் சென்று, மாலையில் திரும்பும் முன்பதிவில்லா ரயிலில் பயணம் செய்தேன். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கிளைப் பாதையின் சிறந்த பகுதி, உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே பாறையைக் குடைந்து செல்லும் கணவாய்ப் பகுதிதான். அதற்காகவே சன்னலோர இருக்கையைப் பிடிக்கலாம். தேனியைக் கடந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலை வெகு அருகில் வந்துவிடுகிறது.

1928இல் மீட்டர் கேஜ் பாதையாக (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) தொடங்கப்பட்ட இவ்வழி, ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற போடியை மதுரையுடன் இணைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில்தான் ரயில் மீண்டும் ஓடியது. பின்னர் அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் சேவை நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் 15 அன்று போடிக்கும் ரயில் திரும்பியது. ஒரு கிளைப் பாதைக்காக மக்கள் 12 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது மிக நீண்ட காலம் என்றே கருதுகிறேன்.

கட்டணம் பேருந்தைவிடக் குறைவு, பயணமும் அலுப்பில்லாதது. வாரம் மூன்று நாள் சென்னை சென்ட்ரலுக்கும் போடியிலிருந்து விரைவு ரயில் உண்டு. ஆனால், காலையில் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ மதுரை வரவேண்டிய தேனி மாவட்டத்தினருக்கு இந்தப் பகல் ரயிலின் நேரம் பொருந்தவில்லை. போடியிலிருந்து அதிகாலையில் ஒரு ரயில் புறப்பட்டால், இப்பாதை உள்ளூர் மக்களுக்கு முழுமையாகப் பயன்படும்.