அம்மா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று கேட்ட குன்னூர் அச்சகம்

குன்னூர் மார்க்கெட் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அச்சகம் இது. தனி ஆளாக இதை நடத்துகிற அண்ணன் தன் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மார்க்கெட்டில் விசாரித்தால் காட்டுவார்கள். தங்கை கல்யாணத்துக்கு 300 பத்திரிகை இங்கேதான் அடித்தோம்.

முதலில் போனது வேறு ஊரில் ஒரு பெரிய கடைக்கு. அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. அவர்கள் அனுப்பிய மாதிரியில் அழைப்பவர் இடத்தில் பெரியப்பா பெயர், மணமகள் யாருடைய மகள் என்ற வரியில் "அமரர்" என்று போட்டு அப்பா பெயர், அவ்வளவுதான், அம்மா பெயரையே காணோம். கேட்டால், "வீட்டுக்காரர் இல்லாதவங்க பேரை மங்கலப் பத்திரிகையில போடுற வழக்கம் இல்லை" என்றார்கள். 28 வருடம் பால்வாடி டீச்சராக இருந்து, அப்பா போன பிறகு ஒற்றை ஆளாக நின்று தங்கையைப் படிக்க வைத்தவர் அம்மா. கொடுத்த அட்வான்ஸையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே அந்த அண்ணன் விவரம் எழுதும்போதே என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, "உங்க பேருக்கு முன்னால என்ன போடட்டும்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் மெதுவாக, "திருமதின்னு போடலாமா தம்பி, இப்ப?" என்றார். தாராளமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டு அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தார், அவருடைய தாத்தா காலத்திலிருந்து சேர்த்து வைத்த பத்திரிகைகள். அதில் மாப்பிள்ளைக்கு "சி.", பெண்ணுக்கு "சௌ." என்று இருந்தது: சிரஞ்சீவி, சௌபாக்கியவதி. சௌபாக்கியவதி என்றால் கணவர் உயிரோடு இருக்கிறவரைக்கும்தான், அவர் போனால் அந்தச் சொல்லும் போய்விடும். திருமதியில் இருக்கிற திரு என்பது செல்வம், மேன்மை, அதற்கு அந்தக் கணக்கு கிடையாது என்று பொறுமையாக விளக்கினார்.

"அம்மையார்னு கூடப் போடலாம்மா" என்றும் சொன்னார். 63 நாயன்மார்களில் பெண்கள் மூன்றே பேர், அதில் காரைக்கால் அம்மையாரைச் சிவனே "அம்மை" என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது, கணவரைப் பிரிந்த பிறகு வந்த பட்டம் அது. அம்மாவுக்கு அது ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது, திருமதியே போதும் என்றுவிட்டார். ஆனால் எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், யாருக்கும் அம்மாவின் பெயர் தெரியாது, எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா. அதைக் கேட்டதும் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் "டீச்சரம்மா" என்றும் சேர்த்தார்.

எங்கள் பாட்டி தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகை, கூலிப் பதிவேட்டில், அவருக்கு வெறும் பெயர்தான், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இருக்காது. துரை பெண்டாட்டியை மட்டும் துரைசானி என்று சொல்லிப் பழகியிருந்தார். இதே குன்னூரில் 1858-இல் சில மாதம் வந்து தங்கிய கவர்னர் ஜெனரல் கேனிங்கின் மனைவி பெயரில் இருக்கிற காட்சி முனையை இன்றைக்கும் "லேடி கேனிங்ஸ் சீட்" என்று பட்டத்தோடுதான் சொல்கிறோம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பாட்டி ஞாபகம்தான் வரும். அதனால்தானோ என்னவோ, அம்மா பெயர் மரியாதையோடு அச்சில் வரவேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம்.

சரி, மற்ற விஷயங்கள். தங்கைக்கு "திருநிறைசெல்வி" போட்டார், வீட்டில் கடைசிப் பெண் என்பதால்; பின்னால் தம்பி தங்கை இருந்தால் "திருவளர்செல்வி" என்பார்களாம். இரண்டிலும் நடுவில் ச் வந்துவிடக் கூடாது என்று ப்ரூஃபை இரண்டு தடவை பார்த்தார். மாப்பிள்ளையின் அண்ணி கல்லூரியில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர், அவருக்கு "முனைவர்" என்று கேட்டுத் திருத்தினார். நீலகிரியின் படுகர் வீட்டுப் பத்திரிகைகளும் நிறைய அடிக்கிறார், மேலே அவர்கள் கும்பிடும் தெய்வத்தின் பெயரில் "ஹெத்தையம்மன் துணை" போட்டு. ஹெத்தை என்றால் படுக பாஷையில் பாட்டி என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

குறையும் உண்டு. மாடல்கள் குறைவு, அட்டையெல்லாம் சிவகாசியிலிருந்து வருவதுதான். மழை நாளில் மை காயாமல் எங்களுக்கு இரண்டு நாள் தள்ளிப்போனது, மழைக்காலத்தில் கல்யாணம் வைத்திருந்தால் ஒரு வாரம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒன்று 22 ரூபாய் ஆனது, மலிவான அட்டை மெல்லிசாக இருக்கிறது, அதை எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ பத்திரிகை இங்கே செய்வதில்லை.

போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், விவரத்தை அவர்களிடம்தான் கேட்பார்.